பாஸ்கல் கரையேறிட்டான்

இடுப்பில் உளியை வைத்து எவனோ நிதானமாகத் தட்டிக்கொண்டிருப்பது போல வலித்தது. கியரை மாற்றும்போதெல்லாம் ஜார்லத் மேனியன் பல்லைக் கடித்தான். கல்குவாரியில் குனிந்து குனிந்து வாங்கிவந்த வலி அது. குவாரியை விட்டு வந்த பிறகும் அது அவனை விடவில்லை. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே பெண்டாட்டி பிரீடா கொடுத்தனுப்பிய ரப்பர் வெந்நீர்ப் பை ஆறிப்போய், செத்த மீன் மாதிரி தொளதொளவென்று கிடந்தது. வெளியே லீட்ரிம் மாவட்டத்து மழை. பக்கத்து சீட்டில் பாஸ்கல் டூஹி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எங்கேயும் தூக்கம் வரும். அவனுக்கு எங்கேயும் எல்லாமே வரும்.

நவம்பரில் டப்ளினில் அரசாங்கம் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுக் கவிழ்ந்தது. சனங்கள் குடையும் கையுமாகப் போய்க் கீழவைக்கு ஓட்டுப் போட்டார்கள், திட்டினார்கள், வீட்டுக்குத் திரும்பிக் கிறிஸ்துமஸ் வாத்தை அடுப்பில் ஏற்றினார்கள். அவர்கள் வேலை அத்தோடு முடிந்தது. கீழவை கலைந்தால் மேலவைக்கும் புதிதாக ஆள் எடுக்க வேண்டும். அதற்கு ஓட்டுப் போடுகிறவர்கள் சனங்கள் இல்லை, நாடெங்கும் இருக்கிற மாவட்டக் கவுன்சிலர்கள். கூடவே எம்.பி.க்களும் பழைய செனட்டர்களும் கொஞ்சம் பேர். தொழிலாளர், விவசாயம் என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஒன்றாக ஆளுக்கு ஐந்து ஓட்டுச் சீட்டு. பிடித்தவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு என்று எண் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். ஆகவே செனட்டர் ஆக ஆசைப்பட்டவன் பனியிலும் மழையிலும் ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும். போகாத வீட்டில் ஓட்டு இல்லை. போன வீட்டிலும் பாதி பொய்.

ஜார்லத்தும் பாஸ்கலும் கால்வேக்காரர்கள். ஒரே ஊர், ஒரே கட்சி, ஒரே கவுன்சில். ஜார்லத் தொழிலாளர் பிரிவில் நின்றான், பாஸ்கல் விவசாயப் பிரிவில். ஒருவன் ஓட்டை ஒருவன் தின்ன முடியாது என்பதால் ஒரே காரில் போகலாம், பெட்ரோல் மிச்சம். பாஸ்கலுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆகவே ஓட்டியது ஜார்லத். கிளம்பின அன்று பாஸ்கல் மாட்டுச் சந்தையில் செய்வது போல உள்ளங்கையில் துப்பி, கையை நீட்டினான்.

"என் சீட்டுல உனக்கு ஒண்ணு. உன் சீட்டுல எனக்கு ஒண்ணு. என்னடா சொல்ற?"

ஜார்லத்தும் துப்பி, பட்டென்று கையில் அறைந்தான். எங்கள் பக்கத்தில் அப்படி அறைந்த பிறகு பேச்சு கிடையாது. மாட்டுக்கு மூன்று கால்தான் என்று அப்புறம் தெரிந்தாலும் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நோரீன் மக்பார்ட்லன் லீட்ரிம் கவுன்சிலர். புருஷன் போன பிறகு அவனுடைய மாடுகளையும் கவுன்சில் இடத்தையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறவள். கதவைத் திறந்தபோது முழங்கை வரை மாவு.

"யாரு, பாஸ்கல் டூஹியா? மழைல நிக்காம உள்ள வாய்யா. உங்கப்பன்கிட்டதான் எங்க வீட்டுக்காரர் ஒரு செவலைக் கிடாரி வாங்கினாரு. அந்த மாதிரி உதைக்கிற சனியன் இந்த மாவட்டத்துலயே இருந்ததில்ல."

"அந்த உதைக்கும் சேத்துத்தான நோரீன் விலை சொன்னோம்? தனியா வாங்கினா இன்னும் ஆகியிருக்கும்."

நோரீன் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பின்னால் பார்த்தாள். "உன் டிரைவரையும் கூப்பிடு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

"டிரைவரா? இவரு ஜார்லத் மேனியன். தொழிலாளர் பிரிவுல நிக்கிறவரு."

"ஐயோ, மன்னிச்சுக்கப்பா. அந்தக் கோட்டைப் பாத்து ஏமாந்துட்டேன்."

அடுப்பை ஒட்டின நாற்காலி பாஸ்கலுக்குப் போனது. கதவிடுக்கில் காற்று வருகிற நாற்காலி ஜார்லத்துக்கு. கிறிஸ்துமஸ் கேக்கில் பாஸ்கலுக்கு வெட்டிய துண்டு செங்கல் அளவு. ஜார்லத் தன் துண்டைப் பார்த்தான். கேக்கை அளந்துகொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் அளந்தான். குவாரித் தூசியால் நெஞ்சு அடைத்துச் சாகிறவர்களின் ஓய்வூதியத்தைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தபோது நோரீன் நல்ல பிள்ளையாகக் கேட்டாள், ஒரு கண் கடிகாரத்தில். பாஸ்கல் நடுவே புகுந்து, "நோரீன், அந்த இடுப்பு ஆபரேஷன் என்னாச்சு?" என்றான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. டப்ளின் டாக்டர், காத்திருப்பு, படி ஏற முடியாத கஷ்டம். ஜார்லத்துக்கும்தான் இடுப்பு வலிக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

"விவசாயச் சீட்டுல உனக்குத்தான் பாஸ்கல் ஒண்ணு. எழுதி வச்சுக்க," என்றாள் கடைசியில். பிறகு ஜார்லத்தைப் பார்த்து, "உன்னையும் மனசுல வச்சிருக்கேன்பா."

மனசில் வைப்பது என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். குப்பைத்தொட்டிக்கு அது மரியாதையான பெயர்.

"நீ போய் வண்டியைக் கிளப்பு," என்றான் பாஸ்கல். "அந்தப் பையை இங்க குடு. வெந்நி ஊத்திக்கிட்டு வரேன்."

ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. ஜார்லத் காரில் உட்கார்ந்து, கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாஸ்கல் சமையலறையை விட்டு வர மாட்டான். அன்றும் ஜன்னல் வழியே தெரிந்தது. ஒரு கையில் வெந்நீர்ப் பை, இன்னொரு கையால் நோரீனின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்கிறான். அவள் தலையாட்டுகிறாள். மறுபடி சொல்கிறான். மறுபடி தலையாட்டுகிறாள். 'ஒண்ணு வாங்கியாச்சு. இன்னும் என்னடா பிச்சை?' என்று ஜார்லத் ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டான். 'அவ பங்கு சொர்க்கத்தையும் எழுதி வாங்கப் போறியா?'

பாஸ்கல் ஓடிவந்து ஏறி, சூடான பையை அவன் முதுகுக்குப் பின்னால் செருகினான்.

"உன் மூஞ்சி இருக்கே ஜார்லத், சவப்பெட்டி டெலிவரி பண்ண வந்தவன் மாதிரி. கொஞ்சம் சிரியேண்டா."

"சிரிச்சா இடுப்பு வலிக்குது."

"இடுப்பாலயா சிரிக்கிற? அதான் ஓட்டு விழல."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். பெஞ்சிலிருந்து எழுந்து ஜார்லத் நேராகக் குவாரிக்குப் போனான். பாஸ்கல் அவன் அப்பனுடைய மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிற மேடைக்குப் போனான். ஒருவன் கல்லைத் தூக்கிப் பிழைத்தான், ஒருவன் குரலைத் தூக்கிப் பிழைத்தான். குவாரிக்காரர்களுக்குச் சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் செய்து, முதலாளியின் நாயிடம் கடிவாங்கி ஜார்லத் கவுன்சிலுக்கு வந்தான். பாஸ்கல், 'நானும் நிக்கிறேனே' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொன்னான், வந்துவிட்டான். பிரீடாகூட முதல் முதலில் நடன மண்டபத்தில் ஆடியது பாஸ்கலோடுதான். அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று ஜார்லத்துக்கே தெரியும். ஆனாலும் அவள், "பாஸ்கல் என்ன சொன்னான் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கும்போது அவனுக்கு வாயில் இருக்கும் உருளைக்கிழங்கு இறங்காது.

கேவனில் ஓவென் பிரேடி வீட்டுக்குப் போனபோது பசு ஒன்று கன்று போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. ஓவெனின் மகன் முழங்கை வரை ரத்தத்தோடு வந்து நிலைமையைச் சொன்னான். பாஸ்கல் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் பின்னாலேயே கொட்டகைக்கு ஓடினான். ஓவெனுக்கு மூச்சிரைப்பு, அவர்களோடு ஓட முடியாது. ஆகவே முதல் தடவையாக ஜார்லத்துக்கு ஒரு கவுன்சிலர் தனியாகக் கிடைத்தார்.

குவாரித் தூசி ஓய்வூதியத்தை ஓவென் கவனமாகக் கேட்டார். அவர் தம்பி அப்படித்தான் செத்தானாம். ஜார்லத்துக்கு நெஞ்சு லேசாயிற்று. அடுத்த வாய் டீயை ருசித்துக் குடித்தான். அப்போது ஓவென் கேட்டார்:

"அது கிடக்கட்டும், பாஸ்கலுக்கு எப்படிப் போகுது?"

இங்கேயும் அவன்தானா? கொட்டகைக்குள் இருந்துகொண்டே இந்த வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறானா? ஜார்லத்துக்குப் பித்தம் தலைக்கேறியது.

"அவனுக்கென்ன? அவன் கரையேறிட்டான்."

ஓவென் கோப்பையைக் கீழே வைத்தார். "நிஜமாவா?"

"போற வீட்ல எல்லாம் ஒண்ணு ஒண்ணுன்னு அள்ளிக் குடுக்கிறாங்க."

"அடடே. நல்லதாப் போச்சு." ஓவென் தாடையைச் சொறிந்தார். "கெர்ரிலேர்ந்து நெட் ஸ்கேன்லன் வந்திருந்தான், அவனும் விவசாயப் பிரிவுதான். பாவம், நவம்பர்ல எம்.பி. சீட்டும் போச்சு. இதே நாற்காலில உக்காந்து அழுதான். பாஸ்கலுக்கு வாக்குக் குடுத்துட்டேனேன்னு இருந்தேன். அவன் கரையேறிட்டான்னா என் ஒண்ணு அவனுக்கு எதுக்கு? நெட்டுக்கு ஒண்ணு, பாஸ்கலுக்கு ரெண்டு. யாருக்கும் மனவருத்தம் இல்ல."

எங்கள் அரசியலில் ஒருவனைக் கொல்ல அவன் திருடன் என்று சொல்ல வேண்டாம், குடிகாரன் என்று சொல்ல வேண்டாம். அவன் கரையேறிவிட்டான் என்று சொன்னால் போதும். நீந்துகிறவனுக்குக் கை கொடுக்க வந்த எல்லாரும் கையை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று வாங்கின ஆள் போட்டியிலிருந்து விழுந்தால்தான் சீட்டில் உள்ள இரண்டு எழுந்து நிற்கும். விழாவிட்டால் அந்த இரண்டு படுத்தது படுத்ததுதான். ஜார்லத்துக்கு இது பால்குடி காலத்திலிருந்தே தெரியும். 'இல்ல ஓவென், அவன் இன்னும் தண்ணிலதான் இருக்கான், உங்க ஒண்ணு வேணும்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகையிலிருந்து ஒரு ஆரவாரம். கன்று விழுந்துவிட்டது. பாஸ்கல் ஏலக் குரலில், "காளைக் கன்னு! யாரு கேக்கிறது? முதல் கேள்வி யாரு?" என்று கூவ, ஓவெனின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஓவெனும் சிரித்தார். நாக்கு நுனிக்கு வந்தது உள்ளே திரும்பிப் போய்விட்டது.

வாசல் வரை வந்து ஓவென் ஜார்லத்தின் கையைப் பிடித்து, "உனக்குத் தொழிலாளர்ல ஒண்ணு. என் தம்பி பேரால," என்றார். அவனே கேட்டு, அவனுக்கே கிடைத்த முதல் ஒன்று. அன்று அவன் காரில் விசில் அடித்தான்.

முதல் தடவை வாய் தவறியது. இரண்டாம் தடவை தவறவில்லை. டனிகலில் ஒரு வீட்டில் பாஸ்கல் கழிப்பறைக்குப் போயிருந்தபோது சொன்னான். ஸ்லைகோவில், அவன் சமையலறையில் வெந்நீர்ப் பையோடு நின்றபோது முன்னறையில் சொன்னான். திட்டுவது போலச் சொல்லவில்லை, நண்பனைப் பெருமையாகப் பேசுவது போலத்தான் சொன்னான். "நம்ம பாஸ்கல் கரையேறிட்டான், கடவுள் புண்ணியம்." கேட்டவர்கள் எல்லாரும், எவ்வளவு நல்ல மனசு இவனுக்கு என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையும் அவனுக்கு இனித்தது. ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். அப்போது மனசு ஒரு கணக்குச் சொல்லும்: அவனுக்குத்தான் அள்ளி அள்ளித் தருகிறார்களே, இரண்டு மூன்று குறைந்தால் என்ன? ஜெயிக்கட்டும், மூச்சு வாங்கி ஜெயிக்கட்டும். ஒரு தடவையாவது அவனுக்கும் வேர்க்கட்டும்.

ஆனால் அந்தச் சொல்லுக்குக் கார் வேண்டியதில்லை. இவர்கள் மேயோவுக்குப் போய்ச் சேருவதற்குள் அது அங்கே போய் உட்கார்ந்திருந்தது. "வாங்க செனட்டர்!" என்று பாஸ்கலை வரவேற்றார்கள். "நீங்கதான் கரையேறிட்டீங்களாமே!"

திரும்பும்போது பாஸ்கல் தூங்கவில்லை.

"ஜார்லத், எனக்குப் பயமா இருக்குடா."

"உனக்கா?"

"எவனோ நான் கரையேறிட்டேன்னு சொல்லிட்டுத் திரியறான். நெட் ஸ்கேன்லன் ஆளுங்களா இருக்கும். இதவிட என்னை ஒரு குத்து குத்தியிருக்கலாம்."

"இருக்கும்," என்றான் ஜார்லத். கண் ரோட்டிலேயே இருந்தது.

"உனக்கு யாராவது தனியா மாட்டறப்ப சொல்லுடா. பாஸ்கல் மூழ்கிட்டிருக்கான், மூக்கு மட்டும்தான் வெளிய தெரியுதுன்னு சொல்லு. நான் சொன்னா நடிக்கிறான்னு நினைக்கிறாங்க. நீ சொன்னா நம்புவாங்க. உன் மூஞ்சி அப்படி."

"சொல்றேன்."

ஒரு வீட்டில் சொல்லவும் சொன்னான், பாதிக் குரலில். அந்த வீட்டுக்காரி கேக் தட்டைக் காட்டிச் சிரித்தாள். "மூழ்கறவன் இவ்வளவு திங்க மாட்டான்பா."

அத்தோடு விட்டுவிட்டான்.

ஓட்டுச் சீட்டு பதிவுத்தபாலில் வந்தது. கவுன்சில் செயலாளர் முன்னால் போய், நான்தான் இன்னார் என்று கையெழுத்துப் போட்டு, யாரும் பார்க்காமல் எண் போட்டு, உறையை ஒட்ட வேண்டும். அன்று காலையில் பாஸ்கல் ஜார்லத் வீட்டுக்கு வந்துவிட்டான், சேர்ந்து போகலாம் என்று. பிரீடா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, "செனட்டர் ஆகப்போறவன் டை கட்டற லட்சணமா இது?" என்று பாஸ்கலின் டையை அவிழ்த்து நேராகக் கட்டிவிட்டாள்.

"அவனுக்கும் கட்டு பிரீடா," என்றான் பாஸ்கல். "அவனும்தான் செனட்டர் ஆகப்போறான்."

"இவருக்கா? இவரு கழுத்தைத் தொட்டா கல்லு மாதிரி விறைச்சுக்குவாரு."

இருவரும் சிரித்தார்கள். ஜார்லத் வெளியே போய்க் காரைக் கிளப்பினான்.

அலுவலகத்தில் செயலாளர் எழுந்து நின்று, "வாங்க செனட்டர்," என்று பாஸ்கலுக்குக் கை கொடுத்தார். பிறகு, "ஜார்லத், பூட்ஸ்ல சேறு. அந்த மிதியடில கொஞ்சம் துடைச்சிட்டு வாங்க," என்றார்.

ஜார்லத் துடைத்தான். மூலையில் இருந்த மேஜைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தொழிலாளர் சீட்டில் தன் பெயருக்கு நேரே ஒன்று போட்டான். விவசாயச் சீட்டை எடுத்தான். பாஸ்கல் டூஹி. நெட் ஸ்கேன்லனைப் பார்த்ததுகூட இல்லை, கறுப்பா சிவப்பா என்று தெரியாது. அறையின் எதிர்மூலையில் பாஸ்கல் வேலையை முடித்துவிட்டு இவனைப் பார்த்தான். கண்ணடித்தான். உள்ளங்கையில் துப்புவது போலப் பாவனை செய்து, காற்றில் ஒரு அறை அறைந்தான். டை நேராக இருந்தது.

ஸ்கேன்லனுக்கு நேரே ஜார்லத் ஒன்று போட்டான். பாஸ்கலுக்கு இரண்டு. உறையை நக்கி ஒட்டினான். பசை கசந்தது.

டப்ளினில், நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓட்டு எண்ணினார்கள். ஒரு பிரிவு முடிந்து அடுத்த பிரிவு. தொழிலாளருக்கு முன்னால் விவசாயம். சீட்டுகளைக் கட்டுக்கட்டாக மேஜையில் அடுக்கினார்கள். பாஸ்கலின் கட்டு சாப்பாட்டுத் தட்டு உயரம்கூட வரவில்லை. ஸ்கேன்லனின் கட்டு பக்கத்திலேயே வளர்ந்துகொண்டு போனது. கடைசியில் இருக்கிற ஆளை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். தேநீருக்கு எழுந்திருக்கும் நேரத்தில் பாஸ்கல் டூஹி கழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

சுற்றி நின்றவர்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "நீ தேறிட்டேன்னு நினைச்சு ரெண்டு போட்டேனேய்யா." "நானும் ரெண்டுதான் போட்டேன், பத்திரமான ரெண்டு." ஓவென் பிரேடி மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து பாஸ்கலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாஸ்கல் எல்லார் தோளிலும் தட்டிக்கொடுத்தான். "நான் வாங்கின ரெண்டையெல்லாம் சேத்து வச்சா கொட்டகைக்குக் கூரையே போடலாம். என் கல்லறைல எழுதிடுங்க, எல்லாருக்கும் ரெண்டாவதுன்னு."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தான், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஜார்லத் அந்த முதுகைப் பார்த்தான். பாஸ்கலுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் பார்க்கிறான். அடிவயிற்றில் ஒரு சூடு பரவியது, குளிரில் ஒரு வாய் விஸ்கி இறங்குகிற மாதிரி. சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அது ஆறிப்போயிற்று.

பாஸ்கல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் தொழிலாளர் பிரிவு எண்ணும்போது ஜார்லத் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கட்டு எழும்போதும் அவன் விலாவில் இடித்தான். ஜார்லத்துக்கு விழுந்த ஓட்டுகள் வினோதமாக இருந்தன. லீட்ரிமிலிருந்தும் டனிகலிலிருந்தும் யார் போட்டார்கள்? அங்கேயெல்லாம் அவன் வாயைக்கூடச் சரியாகத் திறக்கவில்லையே. கடைசிச் சுற்றில், கடைசி இடத்துக்கு அவன் பெயரைச் சொன்னார்கள். பாஸ்கல் சந்தைக் குரலில், "வித்தாச்சு! கால்வேக்கு வித்தாச்சு!" என்று கத்தினான். காவலர் வந்து வாயை மூடச் சொன்னார்.

கூடத்தில் யாரோ பின்னாலிருந்து, "டிரைவரே!" என்றார்கள். நோரீன் மக்பார்ட்லன். இடுப்பைக் காட்ட டாக்டரிடம் வந்தவள், ஊன்றுகோலோடு அப்படியே எட்டிப்பார்க்க வந்திருந்தாள்.

"செனட்டர் டிரைவரே, சந்தோஷம்தானா?"

"உங்க புண்ணியம் நோரீன்."

"என் புண்ணியமா? அந்தப் பாஸ்கல் கால்ல போய் விழுப்பா. என்னா கெஞ்சு கெஞ்சினான் அன்னிக்கு. வெந்நி ஊத்தற சாக்குல நின்னுக்கிட்டு, என் கையை விடமாட்டேங்கறான். 'எனக்கு எதை வேணா போடுங்க நோரீன், தொழிலாளர் சீட்டுல கார்ல இருக்கிறவனுக்கு ஒண்ணு போடுங்க. கல்லு உடைச்சவன். கேட்டு வாங்கத் தெரியாது. அவன் அங்க போய் உக்காந்தாத்தான் தூசி தின்னு சாகறவனுக்கு ஏதாவது நடக்கும்'னு. சரின்னு சத்தியம் பண்ற வரைக்கும் விடல. போன வீட்ல எல்லாம் இதே வேலைதானாம். டனிகல் ஆளுங்களும் சொன்னாங்க." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். குரல் இறங்கியது. "எனக்குத்தான்பா மனசு ஆறல. அவன் கரையேறிட்டான்னு எவனோ சொன்னான்னு நான்கூட ஒண்ணை ரெண்டாக்கிட்டேன். அவனே வேற 'எதை வேணா போடுங்க'ன்னானா... எவன் முதல்ல சொன்னானோ, அவன் நாக்கு அழுகட்டும்."

ஜார்லத் தலையாட்டினான்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அப்புறம் வந்தது. ஆனால் முதலில் வந்தது அது இல்லை. முதலில் வந்தது அதே பழைய எரிச்சல்தான்: இதிலும் அவனே முந்திவிட்டான். சிரிப்பில் முந்தினான், பேச்சில் முந்தினான், பெண்களிடம் முந்தினான். நல்லவனாக இருப்பது ஒன்றாவது குவாரிக்காரனுக்கு மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தான். அதையும் வெந்நீர்ப் பையோடு சேர்த்து எடுத்துக்கொண்டான்.

மத்தியானமே கிளம்பினார்கள். பாஸ்கல் நாடாளுமன்றக் கேண்டீனில் பையை நிரப்பிக்கொண்டு வந்தான். "அரசாங்க வெந்நி. இனிமே உனக்கு இலவசம்," என்று முதுகுக்குப் பின்னால் செருகினான். ஷானன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமாடா?" என்றான் பாஸ்கல். "யார் யார் எனக்கு ஒண்ணு போட்டாங்கன்னு யோசிச்சு யோசிச்சு பாத்தேன். இத்தனை பேர் வீட்ல தின்னேன், ஒருத்தனையும் நிச்சயமா சொல்ல முடியல. ரெண்டு பேரைத் தவிர. ஒண்ணு நான். இன்னொண்ணு நீ."

"பாஸ்கல்..."

"என்னடா?"

காற்றில் மழை கலந்திருந்தது. முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஜார்லத் அதை முந்தவில்லை.

"பை ரொம்ப சூடா இருக்கு."

"கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காரு. ஆறிடும்."

ஊர் முக்குக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பழைய டயர்களையும் கட்டைகளையும் குவித்துத் தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஜெயித்தவன் ஊருக்குள் வரும்போது அப்படித்தான். குவாரிக்காரர்கள், பிள்ளைகள், ஒரு அக்கார்டியன், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பிரீடா. டப்ளினிலிருந்து யார் போன் போட்டு விறகு அடுக்கச் சொன்னது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கார் நிற்கும் முன்னே பாஸ்கல் இறங்கி, "தோள்ல தூக்குங்கடா!" என்று கத்தினான். தூக்கினார்கள். "இடுப்பு! டேய், இடுப்பு!" என்று ஜார்லத் அலறினான். அதையும் சந்தோஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மேலேயிருந்து பார்த்தான். பிரீடா இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கி, வேறு யாரையும் பார்க்காமல். இத்தனை வருஷம் அவன் கேட்டுக்கொண்டிருந்த பார்வை. அவனால் அதை நேராக வாங்க முடியவில்லை.

இறக்கிவிட்டதும் பாஸ்கல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். உள்ளங்கையில் துப்பினான். "பேசினபடி முடிச்சோம்," என்றான். ஜார்லத்தின் கையை இழுத்து, பட்டென்று அறைந்தான். ஜார்லத் பதிலுக்குத் துப்பவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. பாஸ்கல் குளிருக்குக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தன் வீட்டுப் பாதையில் நடந்தான். அங்கே அவனுக்குத் தீ மூட்டியிருக்கவில்லை.

ஜார்லத் மேனியன் செனட்டர் ஆனான். குவாரித் தூசியைப் பற்றிப் பேசவும் பேசினான், நன்றாகவே பேசினான் என்கிறார்கள். ஆனால் பாஸ்கல் டூஹிக்கு அவன் தரவேண்டியது ஒன்று இருந்தது: விவசாயச் சீட்டில், பெயருக்கு நேரே, ஒரு ஒன்று. அது இன்னும் பாக்கி.